நாலாம் கட்டம், மூன்றாம் ஓட்டம்

எனக்கு மூச்சு வாங்குவதில் ஒரு முதுமாணிப் பட்டம் இருக்கிறது. சான்றிதழில் அதை விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி விஞ்ஞானம் என்று கௌரவமாக எழுதியிருக்கிறார்கள். பட்டம் கிடைத்த விதம் தெரிந்த என் மனைவி அதைச் சட்டம் போட்டு மாட்ட விடவில்லை. அலுமாரிக்குள், காணி உறுதிக்கும் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைக்கும் நடுவில் அது கிடக்கிறது.

அப்போது நான் மதுரங்குளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர். வீடு தில்லையடியில். உடற்கல்வி ஆசிரியர் என்றதும் நீங்கள் ஒரு உருவத்தைக் கற்பனை செய்திருந்தால் அதை அழித்துவிடுங்கள். வேப்பமர நிழலில் நின்று விசில் ஊதுவதுதான் என் பிரதான தேகாப்பியாசம். பள்ளிக் காலத்தில் வலய மட்டத்தில் நூறு மீற்றரில் மூன்றாம் இடம் வந்தவன் என்பதை மட்டும் எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். அந்தப் போட்டியில் ஓடியவர்கள் நாலு பேர் என்பதைச் சொல்வதில்லை.

யுத்தம் முடிந்து சோதனைச் சாவடிகள் எடுபட்டன. புத்தளத்தில் ஏறினால் இடையில் இறங்கி வரிசையில் நிற்காமல் கொழும்புக்குப் போய்ச் சேரலாம் என்ற காலம் வந்தது. அந்தச் சுகத்திலேயே எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் பலர் வார இறுதி வகுப்புகளில் சேர்ந்தார்கள். நானும் சேர்ந்தேன். வகுப்புகள் முடிந்தன, பரீட்சை முடிந்தது, ஆய்வேடு மட்டும் முடியவில்லை. இரண்டு தடவை கால நீடிப்பு வாங்கி, மூன்றாவதையும் கெஞ்சி வாங்கினேன். இதுதான் கடைசி, இதற்குள் தராவிட்டால் பதிவு ரத்து என்று எழுத்தில் தந்தார்கள்.

என் மேற்பார்வையாளர் கொழும்பில் ஒரு பேராசிரியை. நாங்கள் எல்லோரும் மேடம் என்போம். குறைவாகப் பேசுவார், அதனால் பயம் அதிகம். "எல்லாரும் ஸ்கூல் பிள்ளைகளையும் விளையாட்டு வீரர்களையும்தான் அளக்கிறாங்க. உங்கட ஊர்ப்பக்கம் உடம்பால உழைக்கிற ஆக்கள் இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். அப்படித்தான் உடப்பு என்ற கடலோரக் கிராமத்தில் கரைவலை இழுப்பவர்களின் உடற்தகுதி என் தலையில் வந்து விழுந்தது.

கரைவலை என்பது வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பது. நான் போன வலையில் ஒரு கயிற்றுக்குப் பதினொரு பேர் வீதம் இருபத்திரண்டு பேர். சம்மாட்டி, அதாவது வலையின் சொந்தக்காரர், அவரும் அவர்களோடு கயிற்றில் நிற்கிறவர். ஐம்பது வயதிருக்கும். என் சம்மதப் படிவத்தை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்து, "சேர் நம்மளப் பத்திப் படிக்க வந்திருக்காரு. கையெழுத்துப் போடுங்க" என்றார். ஐந்து நிமிடத்தில் இருபத்திரண்டு கையெழுத்து. மேடம் ஒழுக்கவியல் பற்றி எடுத்த மூன்று மணித்தியால விரிவுரையை நினைத்துக்கொண்டேன்.

முதலில் கைப்பிடியின் பலத்தை அளக்கும் கருவியைக் கொடுத்தேன். பிடித்து அழுத்தினால் முள் நகரும். முதல் ஆள் அழுத்தியதும் முள் ஓடி அந்தத்தில் முட்டியது, பிறகு திரும்பி வரவில்லை. என் குறிப்புப் புத்தகத்தில் 'கருவிக் கோளாறு' என்று எழுதிக் கருவியைப் பைக்குள் வைத்தேன். அந்தக் கோளாறு கருவியிலா, எழுதியவனிலா என்று யோசிக்க எனக்கு அப்போது நேரமில்லை.

அடுத்தது வினாக்கொத்து. வெளிநாட்டில் தயாரித்தது, நான் தமிழாக்கியது. நீளமாக இருந்ததால் வேலை பற்றிய பகுதியை வெட்டிவிட்டு ஓய்வுநேரப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டேன். கடந்த ஏழு நாட்களில் ஓய்வு நேரத்தில் எத்தனை நாள் கடுமையான உடற்பயிற்சி செய்தீர்கள்?

"ஓய்வு நேரத்துலயா?" என்று கேட்டார் ஒருவர்.

"ஓம், ஓய்வு நேரத்துல."

"இல்ல சேர். ஓய்வுன்னா படுப்பம்."

பூச்சியம் என்று எழுதினேன். இருபத்திரண்டு பேருக்கும் பூச்சியம்.

முக்கியமானது மூன்றாவது, ஓட்டச் சோதனை. இருபது மீற்றர் இடைவெளியில் இரண்டு கோடுகள். ஒலிபெருக்கி 'கூ' என்று கூவும். அடுத்த கூவலுக்குள் மறு கோட்டுக்கு ஓடிவிட வேண்டும். நிமிடத்துக்கு ஒரு கட்டம் ஏறும், ஏற ஏறக் கூவல்களின் இடைவெளி குறையும். கூவலுக்குள் கோட்டை எட்ட முடியாமல் எந்தக் கட்டத்தில் எந்த ஓட்டத்தில் நிற்கிறீர்களோ, அதுதான் உங்கள் நெஞ்சினதும் நுரையீரலினதும் தகுதி. மணலில் ஓடினால் கணக்குப் பிழைக்கும் என்று வொலிபோல் மைதானத்தைத் தேர்ந்தெடுத்தேன். அது பதினெட்டு மீற்றர்தான். மிச்ச இரண்டு மீற்றருக்காக யாரோ ஒருவர் காயப்போட்டிருந்த வலையைச் சுருட்டி வைத்தோம்.

மதுரங்குளியில் வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கிப் பெட்டியை மத்தியானத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தினேன். செய்முறைக் கையேட்டில் 'தேவையானால் ஆய்வாளர் வேகத்தைக் காட்டலாம்' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை எழுதியவர் என் வயிற்றைப் பார்த்திருக்க மாட்டார். நான் அன்று புதிய ட்ராக் சூட் போட்டிருந்தேன். வெறுங்காலோடு சாரத்தை மடித்துக் கட்டி நின்ற அந்த மனிதர்களுக்கு விஞ்ஞானத்தை ஓடியே காட்டிவிடலாம் என்று தோன்றியது. நானும் வரிசையின் நடுவில் நின்றேன்.

முதல் இரண்டு கட்டம் ராஜநடை. பேசிக்கொண்டே ஓடினேன், "பதறாதீங்க, மெதுவா" என்று புத்திமதியும் சொன்னேன். மூன்றாம் கட்டத்தில் புத்திமதி நின்றது. நாலாம் கட்டம் ஏறியதும் விலாவில் யாரோ கையைவிட்டுப் பிசைவது போல இருந்தது. மூன்றாம் ஓட்டத்தில் கோட்டை எட்டியபோது கூவல் எனக்கு முன்னால் போய்விட்டது. குனிந்து முழங்காலைப் பிடித்தேன். கண் இருண்டது. எச்சில் கயிறாக இறங்கியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது.

நிமிர்ந்து பார்த்தால், இருபத்திரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். கோடு நெடுகக் கையைத் தொங்கவிட்டு, என்னைப் பார்க்காமல் கடல் பக்கம் பார்த்தபடி. கூவலும் கேட்கவில்லை. பெட்டியின் பற்றரி தீர்ந்துவிட்டது போல என்று நினைத்தேன்.

"எல்லாரும் முடிஞ்சா?" என்று கேட்டேன், மூன்று தவணையாக.

"முடிஞ்சுது சேர்," என்றார் சம்மாட்டி.

இருபத்திரண்டு பெயருக்கு நேரே நாலு, மூன்று என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு வந்த சந்தோசத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தினமும் கயிறு இழுக்கிற மனிதர்களும், தினமும் மூன்று நேரமும் வயிறு முட்டச் சாப்பிடுகிற நானும் ஒரே தரம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னை மேலும் கீழும் ஒருதடவை பார்த்துவிட்டு, "அப்படியா," என்று மறுபடி மீனை வெட்டினாள்.

பிறகு நான் எழுதிய அத்தியாயத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். கரைவலைத் தொழிலாளரின் இருதய, சுவாசத் தகுதி கவலைக்கிடம். ஓய்வுநேர உடற்பயிற்சி அறவே இல்லை. இரண்டு வேறு முறைகளால் பெற்ற தரவுகள் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன. காரணங்கள்: வெற்றிலை, சீனி கூடிய தேத்தண்ணி, ஒழுங்கற்ற தூக்கம். இதையெல்லாம் மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்து, சீனி கூடிய தேத்தண்ணி குடித்துக்கொண்டு எழுதினேன்.

அத்தோடு விட்டேனா? ஆய்வின் முடிவைப் பங்குபற்றியவர்களுக்குத் தெரிவிப்பேன் என்று படிவத்தில் வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு படத்தாளைச் சுருட்டிக்கொண்டு உடப்புக்குப் போனேன். அப்போதுதான் வலையைக் கரையேற்றி முடித்திருந்தார்கள். தோளில் கயிறு அழுத்திய தடம் ஆறாமல் அந்த இருபத்திரண்டு பேரும் மணலில் வட்டமாக உட்கார்ந்து நான் சொன்னதைக் கேட்டார்கள். தினமும் முப்பது நிமிடம் வேகமாக நடக்க வேண்டும் என்றேன்.

"எந்தப் பக்கமா நடக்குறது சேர்?" என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டார்.

எந்தப் பக்கமும் நடக்கலாம் என்று பதில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. போகும்போது ஒரு பை நிறைய மீன் தந்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து மேடம் போன் எடுத்தார். "மாஸ்டர், இருபத்திரெண்டு பேரும் ஒரே இடத்துல நிக்கிறாங்க. நியம விலகல் பூச்சியம். ஆளுக்காள் ஒரு வித்தியாசமும் இல்ல."

"ஓம் மேடம். ஒரே தொழில், ஒரே சாப்பாடு..."

"ரெட்டைப் பிள்ளைகள்கூட இப்படி ஓட மாட்டாங்க. இத நீங்க வீட்டுல இருந்து எழுதினீங்களா?"

நான் சோம்பேறி, ஒப்புக்கொள்கிறேன். கருவிக் கோளாறு என்று எழுதியவன். ஆனால் நான் வெயிலில் போய், ஓடி, எச்சில் வடித்து எடுத்த எண்கள் அவை. பொய் எழுதினேன் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. மூன்று கிழமைக்குள் விளக்கம் தரவேண்டும், இல்லாவிட்டால் இது குழுவுக்குப் போகும், கால நீடிப்பு பற்றிய பேச்சுக்கே இடமில்லை என்றார். பட்டம் போவது ஒரு பக்கம். கள்ளன் என்ற பெயரோடு போவதைத்தான் தாங்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியரிடம் சொன்னேன். "இதுக்கா முகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க? ஒண்டு ரெண்டக் கூட்டிக் குறைச்சுப் போடுங்க மாஸ்டர். பழைய தாளத் தவறுதலா அனுப்பிட்டன்னு சொல்லுங்க," என்றார். அன்று பின்னேரம் கணினிக்கு முன்னால் இருந்து போட்டும் பார்த்தேன். இவருக்கு ஆறு, ஐந்து. அவருக்கு ஏழு, இரண்டு. பதினாலு பேருக்குப் போட்டதும் தரவு உயிர் பெற்றது. உண்மை பொய் போல இருந்தது, இந்தப் பொய் அச்சொட்டாக உண்மை போல இருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த மிக நேர்த்தியான விஞ்ஞான வேலை அதுதான்.

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். "யாருக்கு மார்க்ஸ் போடுறீங்க?"

"உடப்பு ஆக்களுக்கு."

"அவங்க சோதின எழுதினாங்களா?"

தேத்தண்ணி ஆறும் வரை இருந்துவிட்டு, பதினாலையும் அழித்தேன்.

திரும்ப ஓடவைப்பது ஒன்றுதான் வழி. பருவம் முடிந்தால் பாதிப் பேர் முல்லைத்தீவுப் பக்கம் தொழிலுக்குப் போய்விடுவார்கள் என்பதால் அடுத்த சனிக்கிழமையே போனேன். வலை பாதித் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. ஒருவர் அம்பா பாட்டில் ஒரு அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று இழுத்தார்கள். எனக்கோ அவசரம். இவர்கள் முடித்தால்தானே ஓடலாம். நானும் ஒரு கை கொடுத்தால் வேகமாக முடியும் என்று நினைத்தேன். வலய மட்டத்தில் மூன்றாம் இடம் என்னை விட்டபாடில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு வடக்குக் கயிற்றில் சம்மாட்டிக்குப் பின்னால் போய்ப் பிடித்தேன்.

ஐந்து நிமிடம் இழுத்திருப்பேன். உள்ளங்கை எரிந்தது. குதிகால் மணலில் புதைந்தது. பிறகு விலாவில் அதே பிசைவு, கண்ணில் அதே இருட்டு. கையை விட்டுவிட்டுக் குனிந்து முழங்காலைப் பிடித்தேன்.

பாட்டு நின்றது.

நிமிர்ந்தேன். என் கயிற்றில் இருந்த பதினொரு பேரும் கயிற்றை இடுப்போடு இறுக்கிக்கொண்டு நின்றார்கள். தூரத்தில் தெற்குக் கயிற்றுக்காரர்களும் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார்கள். ஒரு பக்கம் நின்றால் மற்றப் பக்கமும் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வலை கோணிவிடும். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாதவர்கள் போல நின்றார்கள். அவ்வளவு பாரமும் அவர்களுடைய கைகளில் நின்றது.

இந்தக் காட்சியை நான் முதலும் பார்த்திருக்கிறேன். வொலிபோல் மைதானத்தில், கயிறு இல்லாமல்.

வலை கரைக்கு வந்து, மீனைப் பிரித்த பிறகு சம்மாட்டியிடம் போய்க் கேட்டேன். "அண்டைக்கு ஓடினீங்களே, உங்களுக்கு இன்னும் ஓட ஏலுமா இருந்துச்சா?"

அவர் சங்கடப்பட்டார். "நீங்க நிண்டுட்டீங்களே சேர்."

"நான் நிண்டா?"

"ஒருத்தரு கைய விட்டா நிக்கிறதுதானே. நீங்களும் எங்களோட சேந்து ஓடினீங்க. உங்கள விட்டுட்டு எப்படி ஓடுறது?"

"அப்ப ஏன் சொல்லல? நடக்கச் சொல்லிப் படமெல்லாம் காட்டினனே."

"நீங்க அவ்வளவு தூரத்துல இருந்து வந்து சொல்றீங்க," என்றார்.

எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்துக்குக் கீழே, இதைச் சொல்லாமல் விட முடியாது, ஒரு பெரிய நிம்மதியும் இருந்தது. நான் பொய் எழுதவில்லை. என்னையே இருபத்திரண்டு தடவை எழுதியிருக்கிறேன்.

அடுத்த நாள் ஒவ்வொருவராக ஓடவைத்தேன். நான் ஒரு கதிரையில் இருந்து எழுத மட்டும் செய்தேன். மற்றவர்களை மைதானத்துக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்த்து உட்காரச் சொன்னேன். அப்படியிருந்தும் முதல் ஆள் ஓடுகிற போக்கில் என்னை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை என்று உறுதியான பிறகுதான் அவர் உண்மையாக ஓடத் தொடங்கினார். அவர் நின்ற கட்டம் வரைக்கும் கூவல் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒருவர் போல ஒருவர் ஓடவில்லை. நியம விலகலும் அமோகம்.

எல்லாவற்றையும் அனுப்பினேன். மேடம் போன் எடுத்தார்.

"ஒரே ஆக்கள், ஒரே சோதனை. ரெண்டு முடிவும் மலைக்கும் மடுவுக்கும் மாதிரி இருக்கு. ரெண்டுல ஒண்டு பொய்."

நடந்ததைச் சொன்னேன். வயிற்றை மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப முதல் இருபத்திரெண்டும் உங்கட எண்?"

"ஓம் மேடம்."

"கதை நல்லா இருக்கு. நான் எப்படி நம்புறது?"

வழியையும் அவரே சொன்னார். "வாங்க. எனக்கு முன்னால தனியா ஓடுங்க. அதே இடத்துல நிண்டா நம்புறன்."

தன் தகுதியின்மையை நிரூபிப்பதற்காகக் கொழும்புக்கு பஸ் ஏறியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். புறப்படுவதற்கு முந்திய கிழமை நான் பட்ட பயம் வேறு யாருக்கும் விளங்காது. கயிறு இழுத்ததில் தகுதி கூடியிருந்தால்? பள்ளிக்கூடத்தில் மாடிப்படி ஏறுவதை நிறுத்தினேன். மனைவி ஒரு நாள் விட்டு ஒரு நாள் கருப்பட்டியும் முட்டையும் போட்டு வட்டிலப்பம் அவித்தாள். "சாப்பிடுங்க, ஆய்வுக்குத்தானே," என்றாள்.

பல்கலைக்கழக மைதானத்தில் காலை வெயில். இரண்டு கோடுகள் போட்டிருந்தது. மேடம் குடையோடு ஒரு கதிரையில் இருந்தார். பெட்டி கூவியது, ஓடினேன். மூன்றாம் கட்டம் வரை மனதுக்குள் ஓட்டங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். சரியான இடத்தில் நின்றுவிட வேண்டும் என்று ஒரு மனம். இந்த அம்மாவுக்கு முன்னால் ஐந்தாம் கட்டத்தையாவது தொட்டுக்காட்டு என்று இன்னொரு மனம். இரண்டும் சண்டை பிடித்ததில் எண்ணிக்கை தவறிவிட்டது. அதன் பிறகு கணக்குப் பார்த்து நிற்க வழியில்லை. ஓட முடிந்த மட்டும் ஓடினேன். விலா பிசைந்தது. கண் இருண்டது. கூவல் என்னை முந்திப் போனது. குனிந்து முழங்காலைப் பிடித்தேன்.

"நாலு, மூண்டு," என்றார் மேடம். பேனை ஓடும் சத்தம் கேட்டது. "சரி, நம்புறன்."

பட்டம் தப்பியது. பெயரும் தப்பியது. நான் நிமிர்ந்து, என்னை அறியாமல் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். கோடு நெடுக ஒருவரும் இல்லை. பெட்டி மட்டும் தன் பாட்டில் கூவிக்கொண்டே இருந்தது. ஐந்தாம் கட்டத்துக்குப் போனது, ஆறாம் கட்டத்துக்கும் போனது. மேடம் எழுதி முடிக்கும் வரை அதை யாரும் நிறுத்தவில்லை.

உடப்பில் நான் நிமிர்ந்தபோது அது கூவிக்கொண்டிருக்கவில்லை. பற்றரி தீரவும் இல்லை, அன்று மத்தியானம் கடையில் திருப்பிக் கொடுக்கும்போது அது ஒழுங்காகப் பாடியது. யாரோ நடந்துபோய் நிறுத்தியிருக்கிறார்கள்.